47 பாகை வெயிலில் ஆயிரம் கிலோமீற்றர்: மஸ்கற்றில் இருந்து ஒரு கேள்வி

கொடிகாமத்தைச் சொந்த இடமாகக் கொண்ட வாசகர் ஒருவர் மூன்று வருடங்களாக ஓமானின் மஸ்கற் நகரில் வேலை செய்கிறார். ஓகஸ்ட் விடுமுறைக்கு அவருடைய மனைவி, எட்டு வயது மகள், மூன்று வயது மகன், மாமா, மாமி எல்லோரும் ஊரில் இருந்து போகிறார்கள். அவர்களைத் தன்னுடைய 2014ஆம் ஆண்டு கொரோலாவில், தெற்கே ஆயிரம் கிலோமீற்றரில் உள்ள சலாலாவுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பது அவர் விருப்பம். கார் இரண்டாம் கையாக வாங்கியது. 1.6 என்ஜின், ஓட்டோ கியர், ஓடிய தூரம் 1,58,000 கிலோமீற்றர்.

பின்னேரங்களில் ஏசியோடு சிக்னலில் நிற்கும்போது வெப்ப ஊசி கொஞ்சம் மேலே ஏறுகிறது, ஓடத் தொடங்கியதும் இறங்கிவிடுகிறது என்று எழுதியிருக்கிறார். ரிசேவர் போத்தலில் உள்ள கூலன்ற் நிறம் மங்கி, ஏறக்குறைய வெறும் தண்ணீராக இருக்கிறதாம். முப்பது வருடம் யாழ்ப்பாணம் - கொழும்பு லொறி ஓட்டிய மாமா தொலைபேசியில் நான்கு யோசனை சொல்லியிருக்கிறார்: தேர்மோஸ்ரற்றைக் கழற்றிவிடு, 20டபிள்யூ-50 ஒயில் ஊற்று, ரயரில் ஐந்து பிஎஸ்ஐ காற்றைக் குறை, கூலன்ற் வேண்டாம், நல்ல தண்ணீர் போதும். "மாமா சொல்வதைச் செய்யலாமா? இரவில் ஓடினால் சூடு குறைவுதானே? ஊரிலிருந்து ஏதாவது சாமான் கொண்டுவரச் சொல்லவா?" என்பவை அவருடைய கேள்விகள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒரு விடயத்தில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. மாமா, மாமி, மனைவி, இரண்டு பிள்ளைகள், நீங்கள். மொத்தம் ஆறு பேர். கொரோலா ஐந்து பேருக்கான கார். "சின்னவன் மடியில் இருப்பான்" என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் பிறேக் அடித்தால் மடியில் இருக்கும் பிள்ளையை எந்தக் கையாலும் பிடித்து வைக்க முடியாது. மூன்று வயதுப் பிள்ளைக்குத் தனி ஆசனமும் பிள்ளைகளுக்கான இருக்கையும் வேண்டும். ஆள் கூடினால் காப்புறுதி நிறுவனமும் கையை விரிக்கலாம். அதோடு பின் ரயர்களில் ஏறும் சுமை, இந்தப் பயணத்தில் ரயர் வெடிப்பதற்கான முதல் காரணங்களில் ஒன்று.

ஆகவே உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. மாமாவையும் மாமியையும் மஸ்கற்றில் இருந்து சலாலாவுக்கு விமானத்தில் ஏற்றிவிட்டு நீங்கள் நால்வரும் காரில் போவது ஒன்று. ஏழு பேர் இருக்கக்கூடிய வாகனத்தை வாடகைக்கு எடுப்பது இரண்டாவது. அப்படி எடுத்தால், வழியில் பழுதானால் மாற்று வாகனம் யார் தருவது, எவ்வளவு தூரம் வரை தருவது என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லோருமே விமானத்தில் போய், அங்கே வாகனம் எடுப்பது மூன்றாவது. என்னைக் கேட்டால் முதலாவது வழி. முழங்கால் வலியுள்ள மாமிக்கு 13 மணித்தியாலக் கார்ப் பயணம் எந்த மொடல் காரிலும் சுகமாக இராது.

உங்கள் காரில் நால்வர் போவதாக எடுத்துக்கொண்டே மிச்சத்தைச் சொல்கிறேன்.

மாமாவின் நான்கு யோசனைகள்

மாமா பிழையான ஆள் இல்லை. அவருடைய யோசனைகள் வேறொரு என்ஜினுக்கானவை. ஏ40, மொறிஸ் மைனர் ஓடிய காலத்திலும், பொருளாதாரத் தடைக்குள் 1990களில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய காலத்திலும் யாழ்ப்பாணத்துக் கராஜ்கள் இப்படிச் சமாளித்துத்தான் வாகனங்களை உயிரோடு வைத்திருந்தன. இரும்பு என்ஜினும் பித்தளை ரேடியேற்றரும் அந்தச் சமாளிப்பைத் தாங்கின. உங்கள் காரின் அலுமினிய என்ஜின் தாங்காது.

தேர்மோஸ்ரற்றை எடுத்துக்கொள்வோம். அது 82 பாகையளவில் திறக்கத் தொடங்கி, ரேடியேற்றருக்குப் போகும் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. நவீன என்ஜின்கள் பலவற்றில் அது முழுதாகத் திறக்கும்போது, ரேடியேற்றருக்குப் போகாமல் சுற்றும் குறுக்குப் பாதையை மூடியும் விடுகிறது. கழற்றிவிட்டால் அந்தக் குறுக்குப் பாதை எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே என்ஜினுக்குத் திரும்பும். சாதாரண ஓட்டத்தில் என்ஜின் குளிர்ந்து பெற்றோல் குடிக்கும், கடும் சூட்டில் முன்னையைவிடக் கூடுதலாகச் சூடாகும். பழசாயிருந்தால் புதுசு போடுங்கள். வெறுமையாக விடாதீர்கள்.

20டபிள்யூ-50 ஒயிலின் கதையும் இதுதான். தடித்த ஒயில் சூட்டைக் குறைக்காது. உங்கள் என்ஜினின் வால்வு நேரத்தை மாற்றும் பொறி, ஒயில் அமுக்கத்தில் சிறிய துவாரங்கள் வழியாக இயங்குவது, தடித்த ஒயில் அவற்றில் இலகுவாக ஓடாது. கைநூலில் உள்ள அட்டவணைக்குள் 5டபிள்யூ-30 முழுச் செயற்கை ஒயில் போதும். வடிகட்டியோடு சேர்த்து ஏறத்தாழ 4.2 லீற்றர் பிடிக்கும். நிரப்பி ஓடிப் பார்த்த பிறகு அளவுக் கம்பியில் மேல் கோட்டை ஒட்டி நிற்க வேண்டும், கோட்டைத் தாண்டக் கூடாது. 1,58,000 ஓடிய என்ஜின் கொஞ்சம் ஒயில் குடிக்கலாம். அதனால் அதே ஒயிலில் ஒரு லீற்றர் டிக்கியில் இருக்கட்டும்.

தண்ணீரும் காற்றும் தனியாகப் பேச வேண்டியவை.

கூலன்ற்: குளிருக்கானது என்ற எண்ணம்

"அன்ரிஃப்ரீஸ்" என்ற பெயரைப் பார்த்து, பனி நாட்டுக்கானது என்று பலர் நினைக்கிறார்கள். வெறும் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ற் திறந்த பாத்திரத்திலேயே 106 பாகை தாண்டித்தான் கொதிக்கும். நல்ல ரேடியேற்றர் மூடியின் அமுக்கத்தில் 125 பாகை வரை தாங்கும். அந்த இடைவெளிதான் பாலைவனத்தில் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். இதைவிடப் பெரிய வேலை துருவைத் தடுப்பதும் வோட்டர் பம்பின் சீலைக் காப்பதும். அதற்காகக் கூலன்ற்றைக் கூட்டி ஊற்றினாலும் நல்லதல்ல. 60 வீதத்துக்கு மேல் போனால் சூட்டை ஏந்திச் செல்லும் திறன் குறையும்.

மாமாவின் "நல்ல தண்ணீர்" கிணற்றுத் தண்ணீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வரும் தண்ணீர் கேத்திலின் அடியில் என்ன செய்கிறது என்று மாமிக்குத் தெரியும். ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் அதே வெள்ளைப் படிவுதான் பிடிக்கும். முன்னைய உரிமையாளர் எந்தத் தண்ணீரை ஊற்றினார் என்பது உங்களுக்குத் தெரியாது. அதனால் பழையதைத் திறந்து விட்டு, பற்றரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீரால் இரண்டு மூன்று தடவை கழுவி, வெளிவருவது தெளிந்த பிறகு தயாராகக் கலந்து வரும் ரொயோட்டா இளஞ்சிவப்புக் கூலன்ற்றை ஊற்றுங்கள். அதற்கு மேல் தண்ணீர் சேர்க்கக் கூடாது. ஆறு லீற்றர் வாங்கினால் கணக்குச் சரியாக வரும். வழிக்கு மேலதிகமாக இரண்டு லீற்றர். வேறு நிறக் கூலன்ற்றோடு கலக்க வேண்டாம்.

நிரப்பும்போது பலர் விடும் பிழை, உள்ளே காற்று அடைபட விடுவது. குளிர்ந்த என்ஜினில் மூடியைத் திறந்து நிரப்பி, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, என்ஜினை நின்ற இடத்தில் ஓட விடுங்கள். மேல் ஹோஸைக் கையால் பிசைந்து பிசைந்து குமிழிகளை வெளியே எடுங்கள். ஃபான் இரண்டு தடவை போட்டு நின்ற பிறகு மட்டம் பார்த்து மூடுங்கள். அடுத்த நாள் காலை என்ஜின் ஆறிய பின் மறுபடி பாருங்கள், அநேகமாகக் கொஞ்சம் இறங்கியிருக்கும். மூன்றாம் நாளும் இறங்கினால் எங்கேயோ கசிவு.

இனி உங்கள் ஊசி. நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்குகிறது என்றீர்களே, அது நல்ல துப்பு. நின்றால் மட்டும் சூடாகும் கார் காற்றோட்டக் குறையைச் சொல்கிறது. ஃபான் ஒன்று சுழலவில்லை, அல்லது மெதுவாகச் சுழல்கிறது, அல்லது முன்னால் உள்ள ஏசி கொன்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் தூசியும் பூச்சியும் அடைத்திருக்கிறது. மாறாக, 100இல் ஓடும்போது ஏறினால் ரேடியேற்றர் உள்ளடைப்பு, வோட்டர் பம்ப், கூலன்ற் குறைவு என்று தேட வேண்டும். உங்களுடையது முதல் வகை. ஏசியைப் போட்டு பொனற்றைத் திறந்து ஃபான்களைப் பாருங்கள். தகடுகளை என்ஜின் பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாக, சாதாரணக் குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள். சேவிஸ் நிலையத்தின் பிறஷர் துப்பாக்கி தகடுகளை மடித்துவிடும்.

கராஜில் அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால், சூடான ரேடியேற்றரின் முகத்தில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். நடுவில் ஓரிடம் மட்டும் குளிர்ந்து கிடந்தால் அந்தக் குழாய்கள் அடைத்துவிட்டன. பித்தளை ரேடியேற்றர் என்றால் கழற்றிக் கம்பி விட்டுக் குத்தி எடுக்கலாம். பிளாஸ்ரிக் தொட்டியோடு வரும் அலுமினிய ரேடியேற்றரை மாற்றத்தான் வேண்டும்.

மலிவான ஒரு சாமான், ஆனால் கட்டாயம் மாற்றுங்கள்: ரேடியேற்றர் மூடி. ரப்பர் இறுகிப் போன மூடி அமுக்கத்தைப் பிடிக்காது. அமுக்கம் போனால் மேலே சொன்ன 125 பாகை அவகாசமும் போய்விடும். பழையதில் எழுதியிருக்கும் அதே அமுக்க அளவில் வாங்குங்கள், கூடியது வேண்டாம். ஹோஸ்கள், குறிப்பாகக் கிளிப்புக்கு அருகே, அமுக்கினால் பஞ்சாகவோ நொறுங்குவதுபோலவோ இருந்தால் மாற்றுங்கள். வோட்டர் பம்ப் ஓரமாக இளஞ்சிவப்பு உப்புப்போல் காய்ந்து கிடந்தால் அது கசிகிறது. இந்த என்ஜின் குடும்பத்தில் அது அடிக்கடி காணும் குறை. பம்ப் மாற்றினால் பெல்ற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், கூலி ஒன்றுதான்.

ரயர்: காற்றைக் குறைப்பதுதான் ஆபத்து

சூட்டில் ரயருக்குள் அமுக்கம் ஏறும், அதனால் முன்கூட்டியே குறைத்துவிடலாம் என்ற கணக்கு பார்வைக்குச் சரிபோல் இருக்கும். ரயர் வெடிப்பது பெரும்பாலும் அமுக்கம் கூடி அல்ல, குறைந்துதான். காற்றுக் குறைந்த ரயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடிந்து நிமிர்கிறது. அந்த மடிப்பே சூட்டை உண்டாக்கி, ரப்பரையும் உள்ளிருக்கும் கம்பிப் பட்டைகளையும் பிரித்துவிடும்.

சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான் உங்கள் அளவு. முழுச் சுமைக்குத் தனி எண் இருந்தால் அதை எடுங்கள். கார் இரவு முழுக்க நின்ற பிறகு, விடியற்காலையில் அளக்க வேண்டும். ரயரின் உட்காற்று சுமார் 6 பாகை கூடினால் அமுக்கம் 1 பிஎஸ்ஐ ஏறும். காலையில் 35 பாகையில் 33 இருந்தது, ஓடி 70 பாகை ஆனதும் 38, 39 காட்டும். இது எதிர்பார்த்த ஏற்றம். மத்தியானம் பெற்றோல் செற்றில் அதைப் பார்த்துப் பயந்து 33க்கு இறக்கினால், உண்மையில் 28 பிஎஸ்ஐ ரயரில் ஓடப் போகிறீர்கள். நைதரசன் அடித்தால் ஏறாது என்று சொல்வார்கள், அதுவும் வாயுதான், ஏறும். ஈரப்பசை இல்லாததும் மெதுவாகக் கசிவதும் அதன் நன்மைகள், அவ்வளவே.

ரயரின் பக்கத்தில் 'டிஓடி' எழுத்துகளின் வரிசை முடியும் இடத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்து வருடம் தாண்டிய ரயரோடு இந்தப் பயணம் வேண்டாம், பூ எவ்வளவு மிச்சம் இருந்தாலும் சரி. வெப்பத் தரம் ஏ என்று பொறித்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஊரில் ஓடும் றீபில்ட் ரயரை இங்கே நினைக்கவே வேண்டாம். ஸ்பெயார் ரயரின் வயதையும் காற்றையும் பாருங்கள். டிக்கிக்குள் அதுவும் வெந்துகொண்டுதான் இருக்கும். ஜக்குக்குக் கீழே வைக்க ஓர் அடிச் சதுரப் பலகை எடுத்துப் போங்கள், மணலில் ஜக் புதையும். வீட்டு வாசலில் ஒரு தடவை ரயரைக் கழற்றிப் பூட்டிப் பாருங்கள், இறுக்கிய நட்டு கழலாவிட்டால் அங்கேயே தெரிய வேண்டும்.

மற்றவை, சுருக்கமாக

சூட்டில் பற்றரி சீக்கிரம் சாகும். இரவு நின்ற பின் 12.6 வோல்ற் முழு ஏற்றம், 12.4க்குக் கீழே என்றால் யோசியுங்கள், இரண்டரை வருடம் தாண்டியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். ஓடும் என்ஜினில் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். கியர் ஒயில் மாற்றப்பட்டதற்குச் சான்று இல்லை என்றால் மாற்றுங்கள். ஆனால் உங்களுடையது சாதாரண ஓட்டோவா, கியர் படிகள் இல்லாத சிவிரியா என்று உறுதிப்படுத்தாமல் ஊற்ற விட வேண்டாம், இரண்டுக்கும் ஒயில் வேறு. சேசிஸ் இலக்கம் 1, 2, 4, 5 இல் தொடங்கினால் கார் வட அமெரிக்காவில் செய்தது. விபத்திலோ வெள்ளத்திலோ அகப்பட்டு வந்ததா என்று முழுச் சோதனை செய்த பிறகே நீண்ட பயணம்.

பலர் மறப்பது வைப்பர் ரப்பர். பாலைவனப் பாதையில் அதம், ஹைமா என்று நாள் முழுக்க வெந்து போய், துமரைத் தாண்டி சலாலாவுக்கு முன்னுள்ள தோபார் மலையில் ஏறியதும் கரீஃப் என்ற பருவமழைத் தூறலும் மூடுபனியும் உங்களைப் பிடிக்கும். ஜூன் 21 முதல் செப்ரெம்பர் 21 வரை அதுதான் அங்கே பருவம். வறண்ட ரப்பர் அப்போது கண்ணாடியில் சேற்றைப் பூசும். அதே மலையில் இறங்கும்போது பிறேக்கை மிதித்தபடியே போகாமல் கீழ்க் கியரில் விடுங்கள். பழைய பிறேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். டொட் 3 புதிதில் 205 பாகை தாங்குவது, ஈரமேறினால் 140க்கு இறங்கிவிடும். கொதித்தால் பெடல் பஞ்சாகி உள்ளே போகும்.

இந்த வேலைகளைப் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னரே முடியுங்கள். முதல் நாள் பூட்டிய கிளிப்தான் 300ஆவது கிலோமீற்றரில் கழலும். கழற்றிய பழைய சாமான்களை உங்களிடம் தரச் சொல்லுங்கள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, போகும் அதே சுமையோடும் ஏசியோடும், நிஸ்வாவுக்குப் போய் வாருங்கள். போகவர 320 கிலோமீற்றர் அளவு. அந்த ஓட்டத்தைப் பொறுத்த கார் ஹைமாவுக்கும் பொறுக்கும்.

நேரமும் வேகமும்

இரவு ஓட்டம் என்ஜினுக்குச் சுகம் என்பது உண்மை, உங்களுக்கு அல்ல. இருட்டில் ஒட்டகம் கண்ணில் படாது. கால் நீளமான மிருகம், மோதினால் உடல் நேராக முன் கண்ணாடிக்குள் வரும். முதல் வெளிச்சத்தில் புறப்பட்டு, ஏறத்தாழ நடுவழியில் உள்ள ஹைமாவை மத்தியானத்துக்குள் அடைந்து, அங்கே தங்கி, அடுத்த நாள் விடிய மிச்சத்தை ஓடுங்கள். தங்குமிடத்தை முன்கூட்டியே பதியுங்கள், கரீஃப் காலத்தில் அந்தப் பாதை முழுக்கச் சனம். மச்சான் யாரையாவது மாற்றுச் சாரதியாக ஊரில் இருந்து சேர்க்கும் எண்ணம் இருந்தால், அவருடைய அனுமதிப்பத்திரத்தைக் காப்புறுதி ஏற்குமா என்று எழுத்தில் கேளுங்கள். இடப்பக்கம் ஓடிப் பழகிய கை, களைத்த நேரத்தில் பழைய பக்கத்துக்கே போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

120க்குப் பதில் 105இல் ஓடினால் ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் பிந்துவீர்கள். காற்றை எதிர்க்கச் செலவாகும் வலு வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 100இல் தேவைப்படுவதைப்போல் 1.7 மடங்கு 120இல் தேவை. அதனால் கூடும் என்ஜின் சூட்டில் பெரும் பங்கை ரேடியேற்றர்தான் வெளியே தள்ள வேண்டும். கூரையில் பெட்டி கட்டுவதும் இதே கணக்கில் பிழை. பாதித் தாங்கிக்குக் கீழே இறங்குமுன் அடுத்த பெற்றோல் செற்றில் நிரப்புங்கள். கானில் பெற்றோலை டிக்கிக்குள் வைத்துப் போகக் கூடாது. குடிக்க ஆளுக்கு ஐந்து லீற்றர் தண்ணீர் வேண்டும், டிக்கியில் மட்டும் வைக்காமல் உள்ளேயும் வையுங்கள். ஐந்து நிமிட அலுவலுக்கு இறங்கினாலும் பிள்ளைகளைப் பூட்டிய காருக்குள் விடாதீர்கள். அவசரத்துக்கு ஓமான் பொலிஸ் இலக்கம் 9999.

ஊசி ஏறினால்

அந்த ஊசி நடுவில் நிற்கும்போது உண்மை வெப்பத்தைச் சொல்வதில்லை. பெரிய இடைவெளி ஒன்றுக்குள் அது அசையாமல் நிற்கும்படி வைத்திருக்கிறார்கள், அசையும்போது ஏற்கனவே தாமதம். காரின் கணினித் தரவைப் படிக்கும் ஓபிடி சொருகியில் போடும் சிறிய புளூரூத் கருவி வாங்கினால் கைபேசியில் எண்ணாகத் தெரியும். 100 வரை கவலை இல்லை. 105 தாண்டினால் ஏசியை நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, ஹீற்றரை முழுச் சூட்டில் போட்டு, கண்ணாடிகளைத் திறந்து விடுங்கள். 45 பாகையில் அது கொடுமைதான், ஆனால் ஹீற்றர் உங்கள் இரண்டாவது ரேடியேற்றர். 110 என்றால் பாதையை விட்டு நன்றாக ஒதுங்கி நில்லுங்கள், ஆனால் மணலுக்குள் இறக்க வேண்டாம். ஆவியும் கசிவும் இல்லை என்றால் ஃபான் சுழலும்படி என்ஜினை ஓரிரு நிமிடம் விடலாம். ஆவி வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

மேல் ஹோஸ் கை வைக்கக்கூடியதாக ஆறி, அமுக்கினால் மெத்தென்று இருக்கும் வரை மூடியைத் தொடாதீர்கள். ஒரு மணித்தியாலம் ஆகலாம். சூடான என்ஜினில் குளிர் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வளையும் அல்லது வெடிக்கும், பிறகு ஹெட் கஸ்கற்றோடு முடிகிற செலவல்ல அது.

ஊரிலிருந்து சாமான் எதுவும் வேண்டாம். உங்கள் காருக்கான எல்லாம் மஸ்கற்றிலேயே கிடைக்கும். மாமா இரண்டு வாரம் முந்தியே வருவதாக எழுதியிருக்கிறீர்கள், அது நல்லது. நிஸ்வா ஓட்டத்துக்கு அவரையும் ஏற்றுங்கள். திரும்பி வந்ததும் நீளமான ஸ்குறூ டிறைவர் ஒன்றை அவர் கையில் கொடுத்து, நுனியை வோட்டர் பம்பின் உடலில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்கச் சொல்லுங்கள். பெயரிங் அரைகிறதா என்று முப்பது வருடம் லொறி ஓட்டிய காது சரியாகச் சொல்லும். பெல்ற் சுற்றும் பக்கமாகத் தோளில் சால்வை மட்டும் தொங்கக் கூடாது.